‘அப்பாவைக் கூட்டிட்டு வா’: வீடும் பள்ளியும் கைகோத்த கதை

‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா.’ பள்ளிக்கூடத்துல இந்த ஒரு வரியைக் கேட்டா யாருக்கா இருந்தாலும் வயித்துல புளியைக் கரைக்கும். பெற்றோர் பள்ளிக்கு வர்றதுன்னாலே ஒண்ணு புகார், இல்லன்னா ஃபீஸ், இல்லன்னா ரேங்க் கார்டுல கையெழுத்து. ‘பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து செயல்படணும்’னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா சேர்ந்து என்ன செய்யணும்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு வேறவேற காலத்துல வேறவேற பதில் சொல்லியிருக்கு. ஒரு பதில் ஒரு முதலமைச்சரோட பதவிக்கே ஆபத்தா முடிஞ்சது. இந்த எபிசோட்ல அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல 1953. சென்னை மாநிலத்தோட முதலமைச்சர் ராஜாஜி. நாடு சுதந்திரம் அடைஞ்சு ஆறு வருஷம்தான் ஆகுது. 14 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயற்சிக்கணும்னு அரசியல் சாசனம் சொல்லுது, அதுக்குப் பத்து வருஷக் கெடுவும் வைக்குது. ஆனா போதுமான பள்ளிகள் இல்ல, ஆசிரியர்கள் இல்ல, பணமும் இல்ல. அப்போ ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள்ல ஒரு பிள்ளைக்குத் தினமும் மூணு மணி நேரம்தான் வகுப்பு. காலையில ஒரு பகுதி பிள்ளைங்க, மதியம் இன்னொரு பகுதி. மீதி நேரத்துல பிள்ளைங்க வீட்டுல அப்பா அம்மாகிட்ட அவங்க தொழிலைக் கத்துக்கணும்.

இன்ஜினியர் மூளைக்கு இது ரொம்ப அழகான தீர்வாத் தெரியும். அதே கட்டடம், அதே ஆசிரியர், ரெண்டு ஷிஃப்ட். புதுசா ஒரு செங்கல் கூட வைக்காம இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம். அதுமட்டும் இல்ல, காகிதத்துல பார்த்தா பெற்றோருக்கு இதைவிடப் பெரிய பங்கு யாரும் கொடுத்ததே இல்ல. பெற்றோரே பாதி நேர ஆசிரியர்!

சிக்கல் எங்கன்னா, எல்லா வீடும் ஒண்ணு இல்ல. படிச்ச குடும்பத்துப் பையன் வீட்டுக்குப் போனா அங்கேயும் புத்தகம் இருக்கும். சவரத் தொழில் பண்றவர் வீட்டுப் பையனும், சலவைத் தொழிலாளி வீட்டுப் பொண்ணும் வீட்டுக்குப் போனா என்ன கத்துப்பாங்க? எந்தத் தொழில்ல இருந்து தப்பிக்கப் பள்ளிக்கூடம் ஒரு கதவு திறந்துச்சோ, அதே தொழிலுக்கு மதியமே திரும்பிப் போகணும். நம்ம ஊர்ல தொழிலும் சாதியும் ஒட்டிப் பிறந்தது. அதனாலதான் பெரியாரும் திராவிட இயக்கமும் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’னு சொன்னாங்க. அந்தப் பேர் அப்படியே நிலைச்சிடுச்சு. 1953ல தி.மு.க. நடத்துன மும்முனைப் போராட்டத்துல ஒரு முனை இதுதான். காங்கிரசுக்கு உள்ளேயும் எதிர்ப்பு வலுத்துச்சு. 1954ல ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், சில வாரங்கள்லேயே திட்டம் கைவிடப்பட்டது.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. திட்டம் போயிடுச்சு, ஆனா பிரச்சினை போகல. பணம் இன்னும் இல்ல, பள்ளி இன்னும் பத்தல. பசியோட இருக்குற பிள்ளை வகுப்புக்கு வரல, வந்தாலும் பாடம் மண்டையில ஏறல. அப்போ காமராசர் அரசு என்ன செஞ்சது?

இங்கதான் நெ.து. சுந்தரவடிவேலு வர்றார். காஞ்சிபுரம் பக்கத்துல நெய்யாடுபாக்கத்துல பிறந்தவர், 1954ல மாநிலப் பொதுக்கல்வி இயக்குநர் ஆனவர், பின்னாள்ல சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இவரும் காமராசரும் எடுத்த வழி, 1953 திட்டத்தைத் தலைகீழாத் திருப்பிப் போட்ட மாதிரி. அதுல பிள்ளையைப் பள்ளியில இருந்து வீட்டுக்கு அனுப்புனாங்க. இதுல வீட்டையும் ஊரையும் பள்ளிக்கூடத்துக்குள்ள வரவழைச்சாங்க.

முதல்ல சோறு. பள்ளியில சாப்பாடு போடுற யோசனை புதுசு இல்ல. 1920லேயே நீதிக்கட்சிக் காலத்துல, தியாகராயச் செட்டியார் தலைமையில இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குல ஒரு பள்ளியில ஆரம்பிச்சது. ஆனா அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக அரசு கஜானா தாங்காது. அதனால ஊர் மக்கள்கிட்ட கேட்டாங்க. 1956ல எட்டயபுரத்துல காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சப்போ, அது மக்கள் நன்கொடையை நம்பி நடந்த திட்டம். 1957ல அரசு மானியம் வந்துச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு 10 பைசான்னு கணக்கு. அதுல 6 பைசா அரசு, 4 பைசா ஊர்.

அடுத்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958ல, இன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துல இருக்குற கடம்பத்தூர்ல ஆரம்பிச்சது. இதோட நடைமுறைதான் சுவாரசியம். ஒவ்வொரு பள்ளியும் தனக்கு என்ன வேணும்னு பட்டியல் போடும். கரும்பலகை, பெஞ்ச், கடிகாரம், தண்ணிப் பானை, வரைபடம், பிள்ளைகளுக்குச் சீருடை, முடிஞ்சா ஒரு கட்டடம். ஊர்க்காரங்க அதுல எதை யார் தர்றதுன்னு பொறுப்பு ஏத்துப்பாங்க. அப்புறம் மாநாடு கூட்டி, எல்லார் முன்னாடியும் ஒப்படைப்பாங்க. பல மாநாடுகளுக்குக் காமராசரே வந்தார். படிக்காத ஒரு தகப்பன் முதல் தடவையா பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ள வந்தது பல ஊர்கள்ல இப்படித்தான் இருந்திருக்கும். அவர் கொடுத்த பானையில இருந்து அவர் பிள்ளை தண்ணி குடிக்குது. இனி அது ‘கவர்ன்மென்ட் ஸ்கூல்’ மட்டும் இல்ல, ‘எங்க ஸ்கூல்’.

சரி, இதுல குறையே இல்லையா? இருக்கு. 4 பைசா தர வசதி இருக்குறவங்க உள்ள ஊருக்கு முதல்ல நன்மை. வசதி இல்லாத ஊருக்குத்தான் சாப்பாடு அதிகம் தேவை, ஆனா அங்கதான் வசூல் கஷ்டம். இன்னொண்ணு, கொடுக்குறவர் கை மேல, வாங்குறவர் கை கீழ. டியூப் லைட்ல ‘உபயம்’னு பேர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊர் நம்மது. பெஞ்ச் வாங்கிக் கொடுத்த மிராசுதார் பேச்சு பள்ளியில எடுபடும். அவர் வயல்ல கூலி வேலை செய்யுற தாயோட பேச்சு? 1982ல எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தை அரசுச் செலவுலேயே பெருசா எடுத்து நடத்துனப்போ, இந்த 4 பைசா கேள்வி முடிவுக்கு வந்துச்சு. பிள்ளையோட சோறு ஊரோட தயவுல இருந்து விடுபட்டது நல்லதுதான். ஆனா அதோட சேர்ந்து, ஊர் உள்ள வர்றதுக்கு இருந்த ஒரு காரணமும் போயிடுச்சு.

அப்புறம் நமக்குத் தெரிஞ்ச காலம். பெற்றோர் ஆசிரியர் கழகம், அதாவது பி.டி.ஏ. உங்கள்ல பல பேருக்கு அது பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு வாங்குன வினா வங்கிப் புத்தகமாத்தான் ஞாபகம் இருக்கும். பல அரசுப் பள்ளிகள்ல ஆசிரியர் இடம் காலியா கிடந்தப்போ, குறைஞ்ச சம்பளத்துக்குத் தற்காலிக ஆசிரியரைப் போட்டதும் பி.டி.ஏ.தான். உபயோகமான வேலைதான், மறுக்கல. ஆனா பெற்றோர் இங்க பணம் தர்ற ஆளு, முடிவெடுக்கிற ஆளு இல்ல.

அந்த நிலைமையை மாத்துனது 2009 கல்வி உரிமைச் சட்டம். அரசுப் பள்ளிகள்ல பள்ளி மேலாண்மைக் குழு கட்டாயம். உறுப்பினர்கள்ல நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். நலிவடைந்த பிரிவுப் பெற்றோருக்கும் அவங்க விகிதத்துக்கு ஏத்த இடம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கிறதும், அரசு கொடுக்குற நிதி எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிக்கிறதும் இந்தக் குழுவோட வேலை. தமிழ்நாட்டுல 2022ல இந்தக் குழுக்களைப் புதுசா அமைச்சப்போ 20 உறுப்பினர்கள், அதுல 15 பேர் பெற்றோர்.

கவனிச்சீங்களா? 1958லயும் பட்டியல் போட்டாங்க, இப்பவும் பட்டியல் போடுறாங்க. அப்போ பட்டியலை ஊர்ப் பெரியவர்கிட்ட நீட்டுனாங்க, தயவா. இப்போ அந்தக் கூலித் தாயே குழுவுல உக்காந்து பட்டியலை அரசுகிட்ட நீட்டலாம், உரிமையா. நடைமுறையில தலைமை ஆசிரியர் காட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வர்ற குழுக்களும் இருக்கும். ஆனா கேள்வி கேக்குற உரிமை சட்டத்துல எழுதியிருக்கு.

கடைசியா, நகரத்துல இருக்குற நம்மளுக்கு ஒரு விஷயம். இந்த மேலாண்மைக் குழு விதி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டுற அப்பாவுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, ஆனா கணக்கைக் காட்டுங்கன்னு கேக்க இந்தச் சட்டத்துல இடம் இல்ல. கார்ப்பரேஷன் பள்ளியில பிள்ளையைச் சேர்த்த வீட்டு வேலை செய்யுற அம்மாவுக்கு இருக்கு.

2024ல குழுக்களைத் திரும்ப அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்காங்க. நீங்க அரசுப் பள்ளியில படிச்சவங்களா இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ உங்க பள்ளியோட குழுக் கூட்டம் எப்போன்னு ஒரு வார்த்தை விசாரிங்க. இந்தத் தடவை உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.