திருப்பிக் குனிகிறவர் யார்?

கராத்தே வகுப்புக்கு ஒரு மாதமாவது போன எவருக்கும் இந்த ஒழுங்குகள் தெரியும். செருப்பை வாசலிலே கழற்றி ஒழுங்காக வைக்க வேணும். உள்ளே நுழையும்போது குனிய வேணும். பெல்ட் நிறத்தின்படி வரிசையில் நிற்க வேணும். பிந்தி வந்தால் ஓரமாக மண்டியிட்டு இருந்து அனுமதிக்குக் காத்திருக்க வேணும். இதெல்லாம் ஆயிரம் வருசப் பாரம்பரியம் எண்டுதான் கனபேர் நினைக்கிறோம். ஆனால் இன்றைக்கு நாங்கள் காணும் இந்த வடிவத்தில் பெரும்பகுதிக்கு நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை.

1882இல் ஜிகோரோ கானோ, டோக்கியோவில் ஏய்ஷோஜி என்ற பௌத்த கோவிலிலே கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். 12 பாய்கள் விரித்த ஓர் அறை, 9 மாணவர்கள். அப்போது அவருக்கு 21 வயது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இலக்கிய பீடத்தில் முந்தின வருசம்தான் பட்டம் பெற்றிருந்தார். எங்கட பாசையில் சொன்னால் ஒரு கலைப்பீடப் பெடியன். சாமுராய்களின் சலுகைகள் பறிக்கப்பட்டு, பழைய ஜுஜுட்சு பள்ளிகள் மதிப்பிழந்து கிடந்த காலம் அது. சண்டித்தனம் எண்டு ஊர் ஒதுக்கிய ஒன்றைக் கல்வியாக மாற்றுவதுதான் அவரது வேலையாக இருந்தது. ஆபத்தான பிடிகளைப் பயிற்சி மோதலில் இருந்து விலக்கினார். எறியப் பழகமுன் அடிபடாமல் விழப் பழக்கினார். பின்னாளில், தானும் மற்றவரும் சேர்ந்து நலம் பெறுவது என்பதை ஜூடோவின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தார். இந்தக் கண்ணால் பார்த்தால் குனிதலின் பொருள் லேசாக விளங்கும். எதிரே நிற்பவர் தன் உடம்பைத் தந்தால்தான் எங்களுக்கு எறியப் பழகலாம். குனிவது அதற்கான நன்றி.

கராத்தேயின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டு ஒகினாவாவில் அது பெரும்பாலும் வீட்டு முற்றங்களில், ஓர் ஆசானும் ஒருசில மாணவருமாகப் பழகிய கலை. நிற பெல்ட்டும் இல்லை, வெள்ளைச் சீருடையும் இல்லை. 1901 அளவில் அன்கோ இதோசு அதை ஷூரியில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். 1908இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், இது நாட்டின் இராணுவத்துக்கும் உதவும் எண்டு வாதாடினார். யப்பானியப் பாடசாலைகளில் இராணுவப் பாணி உடற்பயிற்சி ஏற்கனவே பாடமாக இருந்தது. ஒரே நேரத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டி வந்தபோது வரிசையும் எண்ணிக்கையும் கட்டளையும் கராத்தேக்குள்ளும் வந்து சேர்ந்தன.

1922இல் ஒகினாவாவின் கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோவுக்கு வந்தார். கானோவின் அழைப்பில் கோடோகானிலும் கராத்தேயைச் செய்து காட்டினார். பிறகு ஜூடோவின் உடையையும் தரவரிசையையும் தழுவி, 1924இல் முதல் கறுப்புப் பட்டிகளை வழங்கினார். அதே வருசம் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கழகம் தொடங்கியது.

ஆக, நாங்கள் பழகும் மரியாதைக்கு இரண்டு வேர்கள். ஒன்று ஒருவரை ஒருவர் காக்கும் பொறுப்பு. மற்றது கேள்வி கேட்காத கீழ்ப்படிவு. இரண்டாவது முதலாவதை விழுங்கினால் என்ன நடக்கும்? 2013இல் யப்பானின் முன்னணி ஜூடோ வீராங்கனைகள் 15 பேர், தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர் தங்களை அடித்ததாகவும் அவமதித்ததாகவும் முறையிட்டது வெளியே வந்தது. அவர் பதவி விலகினார். கானோவின் நாட்டிலேயே, ஒருவரை ஒருவர் வணங்கித் தொடங்கும் அதே கலையில்தான் இது நடந்தது.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. எங்கட கம்பஸ்களில் பகிடிவதைக்கு எப்பவும் சொல்லப்படும் நியாயம், "மரியாதை பழக்கிறம்" என்பதுதான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கி இவ்வளவு வருசமாகியும் அந்த வசனம் சாகவில்லை. முதலாம் வருசப் பிள்ளை தலை குனிய வேணும். சீனியர் குனியத் தேவையில்லை.

கராத்தே வகுப்பின் தொடக்கத்தை வடிவா கவனித்துப் பாருங்கோ. முதலில் ஆசிரியரும் மாணவரும் ஒரே திசையைப் பார்த்துக் குனிகிறார்கள். அந்த நேரம் ஆசிரியரும் ஒரு மாணவர்தான். பிறகு அவர் திரும்பி எங்களைப் பார்க்கிறார். நாங்கள் குனிகிறோம், அவரும் குனிகிறார். கடைசியில் சோடியாக நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் குனிகிறார்கள். கறுப்புப் பெல்ட்காரர் வெள்ளைப் பெல்ட் பிள்ளைக்கும் குனிய வேணும். அந்த ஒழுங்கில் யாருக்கும் விலக்கு இல்லை.

மரியாதை வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. செருப்பை ஒழுங்காக வைப்பதும், நேரத்துக்கு வருவதும், நகம் வெட்டி வருவதும் பக்கத்தில் நிற்பவருக்குக் காயம் வராமல், தொந்தரவு இல்லாமல் பழகுவதற்காகத்தான். அந்தக் காரணத்தைச் சொல்லித் தரும் மாஸ்டரிடம் பிள்ளைகள் தாங்களாகவே குனிவார்கள். காரணம் கேட்டால் கோபம் வருகிற இடத்தில், அது வகுப்போ விடுதியோ, அங்கே யார் திருப்பிக் குனிகிறார் எண்டு ஒருக்கால் பாருங்கோ.