உயரம் காணாதவனுக்கு ஒரு இடம்

எங்க காவத்தைப் பக்கத்துத் தோட்டத்துல, அந்தியானா லயத்துக்கு முன்னால வலை கட்டிருவாங்க. கைதட்டல் எப்பவும் அடிக்கிறவனுக்குத்தான். பின்னால மண்ணுல விழுந்து பந்தை எடுத்தவன் கணக்குலயே இல்ல.

கரப்பந்தாட்டம் 1916இல் வை.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்தது. 1991இல் தேசிய விளையாட்டானது. ஆனா அந்தப் பின்வரிசை ஆளுக்குச் சர்வதேச விதிகளில் தனி இடமும் வேறு நிற ஜேர்சியும் கிடைக்க 1998 ஆகிவிட்டது. பெயர் லிபரோ. வலைக்கு மேலே உள்ள பந்தை அடிக்கக் கூடாது, பிளாக் பண்ணவும் கூடாது. உயரமானவர் பின்வரிசைக்குச் சுழன்றதும் அவருக்குப் பதிலாக வருவார், அவர் முன்னுக்குப் போகும்போது வெளியேறுவார். இது மாற்றுவீரர் கணக்கில் சேராது. லக்ரோஸில் தற்காப்பு மிட்ஃபீல்டரும் இப்படித்தான்: எதிரணி தாக்கும்போது உள்ளே, பந்து நம்ம கைக்கு வந்ததும் வெளியே.

நான் ஐந்தடி மூணு. பள்ளிக்கூட டீம்ல "உயரம் காணாது"ன்னு விட்டுட்டாங்க. அப்போ லிபரோ விதி வந்தே பதினஞ்சு வருஷத்துக்கு மேல.