பிக்கப் டிரக் வடிவமைப்பு (அமெரிக்கா)

1925-இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரின் பின்புறம் இரும்புச் சரக்குத் தொட்டியைப் பொருத்தி, 281 டாலருக்கு விற்றது. 1948-இல் வந்த ஃபோர்டின் எஃப் வரிசை தனி டிரக் அடிச்சட்டத்தில் அமைந்தது. முன்கண்ணாடியும் ஒரே துண்டானது.

பெரிய மாற்றம் தொட்டியில்தான் நிகழ்ந்தது. பழைய தொட்டி குறுகலானது. சக்கர மூடிகள் அதன் வெளியே புடைத்து நிற்கும், அவற்றின் முன்னே ஏறி நிற்கப் படி இருக்கும். 1955-இல் செவ்ரோலே கேமியோ கேரியர் அந்தப் புடைப்பைக் கண்ணாடியிழைத் தகடுகளால் மறைத்தது. 1957-இல் ஃபோர்டின் ஸ்டைல்சைட், தொட்டியையே கேபின் அகலத்துக்கு விரித்துச் சக்கர மூடிகளை உள்ளே தள்ளியது. பக்கவாட்டு சீரானது, சரக்கிடமும் கூடியது. அழகும் பயனும் ஒருசேர வாய்த்த அரிய திருத்தம் இது.

பின்னர் இரட்டை வரிசை இருக்கைகள் பெருகின. அதனால் தொட்டியின் நீளம் குறைந்தது. 2015-இல் ஃபோர்டு எஃப்-150-இன் உடற்பகுதி அலுமினியத்துக்கு மாறியது. எடை சுமார் 300 கிலோ வரை குறைந்தது.