சர்வாதிகாரி விலகிய பின்னர்

மன்னன் முடிதுறந்தால் இன்னொரு மன்னனைத் தேடுவதே வரலாற்றின் வழமை. 2018 ஜூலையில், பைதன் என்னும் கணினி மொழியை ஆக்குவோரிடையே நிகழ்ந்தது அதுவன்று.

ஒல்லாந்தரான கீடோ வான் றொஸ்ஸம் 1991இல் அம்மொழியை வெளியிட்டார். பல நாடுகளிலிருந்து, பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே கூடியோர் அதனை வளர்த்தனர். பிணக்கு எழுந்தால் இறுதிச்சொல் அவருடையது. "ஆயுட்காலக் கருணைச் சர்வாதிகாரி" என்று 1995இல் வேடிக்கையாகச் சூட்டப்பட்ட பட்டம் இருபத்துமூன்று ஆண்டுகள் நடைமுறையாகவே நிலைத்தது. கருணை இருந்தது, மெய்தான். ஆயின் கருணையாளனும் களைத்துப்போவான் அன்றோ!

அந்நாளைக் கொண்டுவந்தது அற்பமெனத் தோன்றும் ஒரு விவகாரம். ஒரு கோவைக்குள்ளேயே பெறுமானமொன்றுக்குப் பெயரிட, முக்காற்புள்ளியும் சமக்குறியும் இணைந்த புதிய குறியீடு வேண்டுமா என்பதே அது. நீண்ட சொற்போரின் பின் வேண்டுமெனத் தீர்ப்பளித்த அவர், சில நாட்களில் பதவி துறந்தார். வாரிசை நியமிக்கவில்லை, ஆளும் முறையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

ஏழு திட்டங்கள் எழுந்தன. ஒன்று மீண்டும் தனித்தலைவரை வேண்டியது; இன்னொன்று மத்திய அதிகாரமே வேண்டாமென்றது. ஒன்றுக்கு மட்டும் புள்ளடியிடும் முறையில், ஒத்த கருத்தினரின் வாக்குகள் சிதற, பெரும்பாலோர் வெறுக்கும் திட்டமே வென்றுவிடக்கூடும். ஆகவே டிசம்பர் வாக்கெடுப்பில் அனைவரும் திட்டங்களை விருப்பவரிசையில் அடுக்கினர். ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றுடனும் தனித்தனியே ஒப்புநோக்கப்பட்டது. 1785இல் இக்கணிதத்தை ஆராய்ந்து எழுதிய கொன்டோர்செ, பிரெஞ்சுப் புரட்சியில் பங்குகொண்டு, 1794இல் அப்புரட்சியின் சிறையிலேயே மாண்டவர்.

வென்றது ஐவர் சபை. மொழியின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் வெளியானபின் புதிய தேர்தல். மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கையிழந்தால் சபையைக் கலைக்கலாம். இயன்றவரை இணக்கம் காணவேண்டும், அதிகாரத்தை அருமையாகவே பயன்படுத்தவேண்டும் என்றும் விதித்தனர்.

ஆயினும் நம் கருத்தைக் கவர்வது வேறொரு விதி: ஒரே நிறுவனத்தின் ஊழியர் இருவருக்கு மேல் சபையில் அமரலாகாது. உழைப்போருட் பலர் மைக்ரோசொப்ற் போன்ற பெருநிறுவனங்களின் சம்பளத்தில் இருப்பவர்கள். ஊழியன் நல்லவனே ஆயினும், சம்பளம் கொடுப்பவனின் விருப்பம் அவன் வாய்வழியே சபையேறக்கூடும். தனிமனிதனின் முடியை இறக்கிவிட்டு, அதே ஆசனத்தில் முதலாளியை ஏற்றுவதற்கு அவர்கள் இசையவில்லை. ஒப்பந்தமும் கூலியும் தொடாத உரிமையாக வாக்கினை வைத்திருக்க எடுத்த முயற்சி இது. முழுக்காப்பு என்று சொல்வதற்கில்லை.

2019 தொடக்கத்தில் தெரிவான முதற் சபையில் வான் றொஸ்ஸமும் இருந்தார், ஐந்தில் ஒரு வாக்குடன். அவ்வாண்டின் இறுதியில் வந்த அடுத்த தேர்தலில் தம் பெயரை அவர் மீட்டுக்கொண்டார்.