நல்லூரும் துவக்கும்



சென்ற தவணையில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், படங்களிலை குதிரையிலை வாறவங்கள் வைச்சிருக்கிற துவக்கு மாதிரி ஒண்டு சங்கிலியனிட்டை இருந்திருந்தால், நல்லூர் விழுந்திருக்குமோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பறங்கியரிடம் துவக்கு இருந்தது, நம்மவரிடம் வாளே இருந்தது, ஆகையால் தோற்றோம் என்பதை நானும் இளமையில் அப்படியே நம்பியவன்தான்.

அவன் படத்திற் கண்டது வின்செஸ்டர் எனும் அமெரிக்கத் துவக்கு. 1873ஆம் ஆண்டில் வந்த மாதிரி அதிற் புகழ்பெற்றது. சுடுகுழலின் கீழே மற்றொரு குழாய். அதனுள் பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் வரிசையாய்க் கிடக்கும். விசையருகே உள்ள இரும்பு வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே பாயும். புதியது உள்ளே ஏறும். 1980களிற் கலிபோர்னியாவில் தொடங்கிய துவக்குப் போட்டி ஒன்றுக்காக இன்றும் அவ்வகையைப் புதிதாகச் செய்கின்றனர். உருக்குத் தகடுகளே இலக்கு. தவறிய ஒவ்வொரு வேட்டுக்கும் 5 விநாடி கூட்டப்படும். ஆகவே புதுத் துவக்கு வாங்கியவர் முதலிற் சோதிப்பது அந்த நெம்புகோல் இடறாமல் ஓடுகிறதா என்பதையே. நெம்புகோலுக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய சொல்தான் நம் வளவுகளிற் கிடங்கு கிண்டும் அலவாங்கு என்பதையும் இடையிற் சொல்லிவைக்கிறேன்.

1619இல் பிலிப் டி ஒலிவேராவின் படை நல்லூருக்கு ஏந்திவந்தது இத்தகைய கருவியன்று, திரித்துவக்கு. மருந்தை அளந்து குழலிற் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, கிண்ணியில் நுண்மருந்து தூவி, புகையும் திரியைக் கொக்கியில் மாட்டினால் ஒரு வேட்டு. அடுத்த வேட்டுக்குள் தேர்ந்த வில்லாளி பல அம்புகளை எய்துவிடுவான். மாரி மழையில் திரியும் நனையும், மருந்தும் நனையும்.

அன்றியும், துவக்கு இலங்கையர் அறியாத புதுமையுமன்று. அலுமாரியையும் சாவியையும் போர்த்துக்கேயரிடம் பெற்ற நாம், துவக்கின் பெயரை அவர்களிடம் பெறவில்லை. அது துருக்கியரின் 'துபெக்' என்ற சொல்லின் வழிவந்தது. தமிழகத்தார் கூறும் துப்பாக்கியும் அதன் உடன்பிறப்பே. சீதாவாக்கை மாயாதுன்னைக்குக் கோழிக்கோட்டுச் சாமூத்திரியின் படையுதவி 1530களிலேயே கிடைத்தது. இலங்கைக் கொல்லர் விசைப்பொறியைக் குழலின் இடப்பக்கம் பொருத்தித் தமக்கென ஒரு துவக்கு வகையையே படைத்தனர். சங்கிலியனுக்குத் துணைநின்ற தஞ்சை இரகுநாத நாயக்கரோ, காய்ச்சிய இரும்பை அடித்து இணைத்துச் செய்த மாபெரும் பீரங்கிக்கு உரியவர். தஞ்சைக் கோட்டைப் பீரங்கிமேட்டில் அது இன்றும் உண்டு.

அப்படியாயின் நல்லூர் ஏன் வீழ்ந்தது? 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபொழுது வாரிசு சிறு குழந்தை. ஆட்சியை நடத்தவிருந்த அரசகேசரியைச் சங்கிலியன் கொன்றான். இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய புலவர் அவரே எனக் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டே மிகப்பிள்ளை ஆராச்சி தலைமையிற் கலகம் மூண்டது. சொந்தக் குடிகளை அடக்கவே தஞ்சைப் படை தேவைப்பட்டது. ஒலிவேரா வந்தது அதன் பின்னர்தான். பிடிபட்ட சங்கிலியன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623இல் கொல்லப்பட்டான்.

இவற்றை அந்த மாணவனுக்குச் சொல்லி முடித்தேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், "அப்ப சேர், அரசகேசரியை ஏன் கொண்டவங்கள்?" என்றான். விடை சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது.