வீதி முடிந்த இடத்தில் பீவர் விமானம்

கனடாவுக்குப் புலம்பெயர்ந்த நம்மவர்களில் பெரும்பாலானோர் ரொறன்ரோ, மொன்றியல் போன்ற தெற்கு நகரங்களிலேயே வாழ்கிறோம். வீதி முடிந்த பின்பும் இந்த நாடு வடக்கே நெடுந்தூரம் விரிந்து கிடக்கிறது. ஆண்டு முழுவதும் பாவிக்கக்கூடிய தரைவழிப் பாதை இல்லாத பூர்வகுடிக் கிராமங்கள் அங்கே பல உள்ளன. அத்தகைய இடங்களுக்கென்றே உருவான சிறு விமானம்தான் 'பீவர்'. நமது ஐந்து சத நாணயத்தில் இருக்கும் அதே விலங்கின் பெயர்.

ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் இயங்கிய டி ஹவிலண்ட் கனடா நிறுவனம், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இதன் வடிவமைப்பைத் தொடங்கியது. வரைபடத்துக்கு முன்னர், காட்டுப் பகுதிகளில் பறந்து பழகிய விமானிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வேகத்தை அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியை முந்தினால் போதும் என்பதே ஒருவருடைய பதிலாம். குறுகிய தூரத்தில் மேலெழ வேண்டும், அதற்கு வலுவான எஞ்சின் வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் தேவை.

முதலில் எண்ணியிருந்த பிரித்தானிய எஞ்சினுக்குப் பதிலாக, போரில் எஞ்சியிருந்த 450 குதிரைவலு பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பொருத்தப்பட்டது. 1947 ஓகஸ்ட் 16ஆம் திகதி, ரசல் பனொக் இதை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

கேட்டறிந்ததன் பயன் சின்னச் சின்ன விடயங்களில் தெரிகிறது. 45 கலன் எரிபொருள் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்குக் கதவுகள் அகலமானவை. ஏணி இல்லாமல், இறங்குதுறையில் நின்றபடியே எரிபொருள் நிரப்பலாம். எஞ்சின் எண்ணெயை விமானி அறைக்குள் இருந்தே, பறக்கும்போதும் ஊற்றலாம். சில்லு, பனிச்சறுக்கு, மிதவை என எதையும் பூட்டிக்கொண்டு தரையிலும் பனியிலும் ஏரியிலும் இறங்கலாம்.

1967 வரை 1,600க்கு மேற்பட்ட பீவர்கள் கட்டப்பட்டன. அவற்றில் 900க்கு மேற்பட்டவற்றை அமெரிக்கப் படைகள் வாங்கின. கொரியப் போரிலும் அவை பறந்தன. எட்மண்ட் ஹிலரியின் அந்தாட்டிக்கா பயணத்திலும் ஒரு பீவர் உதவியது.

வடக்கு மக்களுக்கு இத்தகைய விமானங்களே தபால்காரன், மளிகைக்கடை, அம்புலன்ஸ் எல்லாம். ஆனால் இன்னொரு நினைவும் அங்கே உண்டு. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டு சென்றவற்றுள் ஏரிகளில் வந்திறங்கிய சிறு விமானங்களும் அடங்கும். அப்படிப் போன பிள்ளைகளில் பலர் வீடு திரும்பவேயில்லை. குடும்பம் பிரிவதன் வலி தெரிந்த நாம், குடியேறிய மண்ணின் இந்தக் கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

டவுன்ஸ்வியூ விமானத்தளம் 2024இல் மூடப்பட்டது. பீவர்களோ இன்னும் ஓயவில்லை. 2019 டிசம்பர் 10ஆம் திகதி, வன்கூவருக்கு அருகே ரிச்மண்டில், மின்மோட்டார் பொருத்திய பழைய பீவர் ஒன்று பரீட்சார்த்தமாகப் பறந்தது. வன்கூவர் துறைமுகப் பக்கம் போகும் நம்மவர்கள், தண்ணீரில் இருந்து பீவர்கள் மேலெழுவதை இன்றும் காணலாம்.