மேக அறையிலிருந்து இதயம் வரை

“தாலியம் டெஸ்ட் எடுத்துடுங்க” என்று டாக்டர் சொன்னதும், ஊட்டி, குன்னூர் பக்கத்து ஆட்கள் பலர் கோயம்புத்தூருக்கு மலையிறங்குவாங்க. அந்த டெஸ்ட்டின் கதைக்கும் ஊட்டிக்கும் ஒரு தொடர்பு இருக்கு.

1920களில் பாஸ்டனில் ஹெர்மன் புளும்கார்ட் என்ற மருத்துவர், ஒரு கையில் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றினார். அது இதயம் வழியாக மறு கைக்கு வந்து சேரும் நேரத்தை அளந்தார். கதிரைப் பிடிக்க அவர் பயன்படுத்தியது, வில்சன் உருவாக்கிய மேக அறை.

அதே வகை மேக அறையை வைத்துத்தான் 1950களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊட்டியில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தாங்க. இன்று அங்கே கிரேப்ஸ்-3 ஆய்வில், கதிர் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கு. ஹால் ஆங்கர் 1950களில் உருவாக்கிய காமா கேமராவும் மினுக்கத்தைத்தான் படிக்குது. அதில் இருப்பது சோடியம் அயோடைடு படிகம்.

உழைக்கும்போது மங்கி, ஓய்வில் தெளிந்தால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் தழும்பு. சிகிச்சையே இதை வைத்து மாறும்.

இப்போ அதிகம் போடும் டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகிடும். அது நமக்காகக் காத்திருக்காது. அதனால, மலையிறங்குறவங்க கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க.